முப்பத்து மூன்று முடிச்சு

ஆர்க்காங்கெல்ஸ்க்
1835 அக்டோபர் 4

மதிப்பிற்குரிய உஸ்தீன்யா சவ்வாத்யெவ்னா அவர்களுக்கு,

நோவயா செம்ல்யா தீவின் கிழக்குக் கரையை அளந்து வரைபடம் தயாரிக்கச் சென்ற எங்கள் பயணத்தில் வழிகாட்டியாகப் பணியாற்றிய உங்கள் கணவர் யெரெமேய், இவ்வாண்டு ஜூலை 15ஆம் தேதி காலையில் காலமானார் என்பதை மிகுந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் கரையில் சிங்கா என்று சொல்கிறீர்களே, ஈறு அழுகி, கால் வீங்கி, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும் நோய், அதுதான் காரணம். ஒன்பது பேர் போனோம். ஐந்து பேர் திரும்பியிருக்கிறோம். இந்த ஐந்து பேரும் பிழைத்தது அவரால்தான் என்று என் அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன்.

18ஆம் தேதி முறைப்படி அடக்கம் செய்தோம். நாங்கள் குளிர்காலம் தங்கிய குடிலுக்குப் பக்கத்து முனையில், காரா கடலில் போகிற எந்தக் கப்பலுக்கும் தெரியும்படி, முகம் கடலைப் பார்க்க ஒரு பெரிய சிலுவை நட்டிருக்கிறோம். மறுநாளே காற்று மேற்காக மாறியது. பதினோரு மாதம் எங்களைக் கட்டிப்போட்டிருந்த பனிக்கட்டி விலகி வழி விட்டது. 20ஆம் தேதி, எலியா திருநாளன்று, புறப்பட்டோம்.

வரைபடத்தில் அந்த இடத்துக்கு யெரெமேய் முனை என்று பெயர் வைக்க மேலிடத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். அவருடைய பொருட்களை இத்துடன் அனுப்புகிறேன்: கத்தி, எலும்புச் சீப்பு, கையுறை ஒரு ஜோடி, அவர் கையிலேயே இருந்த ஒரு கயிறு. பெற்றுக்கொண்டதாக இரண்டு வரி எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தங்கள் பணிவுள்ள,
பிளாத்தோன் இக்னாத்யெவிச்
கடற்படை வரைபட அதிகாரி


மெஸேன்
1835 அக்டோபர் 29

பிளாத்தோன் இக்னாத்யெவிச் ஐயாவுக்கு,

பொருட்கள் வந்து சேர்ந்தன. இரண்டு வரி கேட்டீர்கள், எழுதிவிட்டேன். இனி வருவதெல்லாம் நீங்கள் கேட்காதது.

எங்கள் குடும்பம் பழைய வழிபாட்டைச் சேர்ந்தது. பெண்பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அதனால் உங்கள் கடிதத்தைப் படிக்க நான் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. நானே உட்கார்ந்து ஏழு தடவை படித்தேன். ஏழு தடவையும் சில இடங்கள் மீன்முள் மாதிரி குத்தின.

முதலில் அந்தச் சிலுவை. எங்கள் கரையில் சிலுவையை அழகுக்காக நடுவதில்லை. கும்பிடுகிறவன் கிழக்கைப் பார்த்து நிற்க வேண்டும், சிலுவை அவன் பக்கம், அதாவது மேற்கே, முகம் காட்ட வேண்டும். அப்போது கீழே சாய்த்து அடித்த கால்பலகையின் ஏறிய முனை வடக்கைக் காட்டும். மூடுபனியில் திசை தெரியாமல் கரையேறுகிறவன் அதைத் தடவிப் பார்த்துத்தான் வழி பிடிப்பான். நீங்கள் கிழக்குக் கரையில் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி நட்டிருக்கிறீர்கள். உங்கள் சிலுவையில் தெற்கு வடக்காகிவிட்டது. முப்பது வருஷம் ஒரு படகைக்கூடத் தவறான பக்கம் விடாத மனிதரின் தலைமாட்டில் ஒரு பொய்யை நட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லி என்ன, நீங்கள் பீட்டர்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். ஆனால் உங்களோடு இருந்த பகோம் எங்கள் கரைக்காரர். அவர் அதை எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அடுத்து இந்தக் கயிறு. சிங்கா பிடிக்காமல் இருக்க எங்கள் ஆட்கள் செய்வது எனக்குத் தெரியும். காலையில் முப்பத்து மூன்று முடிச்சு போடுவார்கள், சாயங்காலம் முப்பத்து மூன்றையும் அவிழ்ப்பார்கள். கை வேலையில் இருந்தால் கண் மூடாது. காலையில் இறந்தார், கையில் கயிறு இருந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் முடிச்சோடு அல்லவா வர வேண்டும்? எனக்கு வந்த கயிற்றில் ஒரு முடிச்சுகூட இல்லை. அவிழ்த்த மடிப்பு மட்டும் இருக்கிறது. யார் அவிழ்த்தது?

காற்று மாறியது என்று ஏதோ தானாக மாறின மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது நாங்கள் கூப்பிட்ட காற்று. போகும்போது அவர் சொல்லிவிட்டுப் போனார், "அந்தப் பக்கத்துல மேக்குக் காத்து அடிச்சாத்தான் ஐஸ் நகரும். எலியா நாள் நெருங்கியும் நான் வரலேன்னா மேக்கக் கூப்பிடு, உஸ்தீன்யா." ஜூலை 18 ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஆற்று முகத்துக்குப் போனோம். இருபத்தேழு வழுக்கைத் தலையர்களின் பேரைச் சொல்லிக் குச்சியில் இருபத்தேழு வெட்டு வெட்டி, முதுகுப் பக்கமாகத் தண்ணீரில் எறிந்து கூப்பிடுவது எங்கள் வழக்கம். இருபத்தாறோடு ஊரில் வழுக்கை தீர்ந்துவிட்டது. என் தம்பி கிளிமின் நெற்றியைப் பார்த்து இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் காற்று வந்தது, பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். என் நாத்தனார், "இன்னும் என்னடி யோசிச்சுக்கிட்டே இருக்க? நாப்பது நாள் சங்கீதம் படிச்சு அவரை அனுப்பி வை" என்று தினமும் வந்து நிற்கிறாள். இறந்தவருக்கு வேதத்தின் சங்கீதங்களைப் படிக்காமல் விட்டால் அவர் வழி தெரியாமல் அலைவார். உயிரோடு இருக்கிறவருக்குப் படித்தாலோ, நாளுக்குக் கொஞ்சமாக அவர் உயிர் இறங்கும், நாற்பதாம் நாள் போய்விடுவார். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். நீங்கள் சிரித்தாலும் சிரியுங்கள். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அவர் முகத்தின் மேல் மண் விழுந்ததை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?

உஸ்தீன்யா


ஆர்க்காங்கெல்ஸ்க்
1835 நவம்பர் 14

உஸ்தீன்யா சவ்வாத்யெவ்னா அவர்களுக்கு,

நான் சிரிக்கவில்லை. அந்தக் குடிலில் ஒரு குளிர்காலம் இருந்தவனுக்கு இதில் எதற்கும் சிரிப்பு வராது.

சிலுவை விஷயம் என் அறியாமை. மன்னியுங்கள். அன்று எல்லாரும் நடப்பதற்கே தெம்பில்லாமல் இருந்தோம். பகோம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான்தான் சீக்கிரம் ஆகட்டும் என்று அதட்டினேன். கயிற்றை யாராவது அவிழ்த்திருக்கலாம். சாமான்களைக் கட்டும் அவசரத்தில் நடந்திருக்கும்.

உங்கள் கணவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதட்டுமா? நவம்பரில் சூரியன் போனது. முதலில் தச்சன் இறந்தான். அவன் கடைசி வாரம் முழுக்கச் சந்தோஷமாகப் படுத்துக்கிடந்தான். மூலையைப் பார்த்துச் சிரிப்பான், ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி, "இதோ வரேன்டி" என்பான். யெரெமேய் அன்று எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "சிங்கா கிழவியா வருவான்னு நினைக்காதீங்க ஐயா. ஏரோது ராஜாவோட மக அவ, பதினொரு தங்கச்சிங்க அவளுக்கு. யார் மேல நமக்கு உசிரோ, அவங்க உருவத்துல வருவா. அவங்க குரல்லயே கூப்பிடுவா. பதில் சொன்னீங்களோ, அவ்வளவுதான், கதை முடிஞ்சுது." பிறகு கயிற்றைத் தூக்கிப் போட்டார். "போடுங்க முடிச்சு. பீட்டர்ஸ்பர்க் விரலா இருந்தாலும் முடிச்சு முடிச்சுதான்."

எனக்கு என் தாயின் குரல் கேட்டது. பிப்ரவரி முழுக்கக் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. சிங்காவுக்கு மருந்தாக நீங்கள் கொடுத்தனுப்பிய மொரோஷ்காப் பழ ஊறலில் தன் பங்கை அவர் எங்களுக்கே கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது ஜூலையில்தான் தெரிந்தது. அப்போது அவர் விழுந்துவிட்டார். மூச்சு இல்லை. உதட்டருகே கண்ணாடி பிடித்தேன், ஆவி படியவில்லை. இரண்டு நாள் பார்த்தோம், விரல்கூட அசையவில்லை. பாய்த்துணியில் சுற்றினோம்.

நீங்கள் ஒரே ஒரு பதில் கேட்டீர்கள். ஆம். பார்த்தேன். அதிகாரி என்ற முறையில் வாக்குக் கொடுக்கிறேன். அவருக்காக இறந்தவருக்குப் படிப்பதையே படியுங்கள். தாமதிக்க வேண்டாம்.

பிளாத்தோன்


மெஸேன்
1836 ஜனவரி 8

பிளாத்தோன் இக்னாத்யெவிச் ஐயாவுக்கு,

நவம்பர் 27 தொடங்கினேன். ஜனவரி 5, திருமுழுக்குத் திருநாளுக்கு முந்தின நாளோடு நாற்பது முடிந்தது. ஒரு நாள்கூட விடவில்லை. விதவை முக்காடு போட்டுக்கொண்டேன். தலை இப்போதுதான் கனக்கிறது.

உங்களை நம்பாமல், போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் சந்தேகப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. பைத்தியக்காரி என்று நினைப்பீர்களே என்று அப்போது சொல்லவில்லை. இப்போது எல்லாம் முடிந்துவிட்டதால் சொல்கிறேன்.

போன வருஷம் எலியா நாளன்று மாட்டுக்கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தேன். நல்ல மத்தியானம். அவர் குரல் கேட்டது. தெருவில் நின்று கூப்பிடுகிற மாதிரி இல்லை, தண்ணீர் மேல் தூரத்திலிருந்து கத்துகிற மாதிரி. மாடு தலையைத் தூக்கிக் கடல் பக்கம் பார்த்தது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். யாரும் இல்லை. அதற்கப்புறம் தினமும் அதே நேரத்துக்குக் கேட்டது. நாத்தனாரிடம் சொன்னேன். அவள் பயந்துபோய், "வாயத் தொறந்துடாதடி. ஏங்குற பொம்பளையைத் தேடிக்கிட்டுப் புருஷன் குரல்ல வர்றது வேற ஒண்ணு. காதுல கம்பளியை அடைச்சுக்கோ" என்றாள். அடைத்துக்கொண்டேன். கடலுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இதெல்லாம் தெரியாதா?

படிக்கத் தொடங்கிய பிறகு குரல் இறங்கியது. கம்பளியை எடுத்துவிட்டு அவ்வப்போது சோதித்துப் பார்ப்பேன். நாளுக்கு நாள் தேய்ந்தது. கிறிஸ்துமஸ் சமயம் வெறும் மூச்சு மாதிரி இருந்தது. ஜனவரி 5 கடைசி சங்கீதத்தை முடித்துப் புத்தகத்தை மூடினேன். அன்றோடு நின்றது. அப்பாடா என்று இருந்தது ஐயா. அவருக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்று அன்றுதான் நிம்மதியாக அழுதேன்.

கோடையில் கிளிம் வால்ரஸ் வேட்டைக்குப் போகிறான். தீவுக்குக் குறுக்கே போகிற ஜலசந்தி திறந்தால் கிழக்குப் பக்கம் போய் அந்தச் சிலுவையைச் சரியாகத் திருப்பி நட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

உஸ்தீன்யா


ஆர்க்காங்கெல்ஸ்க்
1836 பிப்ரவரி 2

உஸ்தீன்யா சவ்வாத்யெவ்னா,

உங்கள் தம்பியை அனுப்பாதீர்கள். கிழக்குப் பக்கம் எந்த நேரமும் பனிக்கட்டி மூடிக்கொள்ளும். நானே அடுத்த பயணத்தில் சிலுவையைச் சரிசெய்கிறேன். வரைபடத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கத் தொடங்கிவிட்டார்கள். யெரெமேய் முனை என்ற பெயருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எனக்குப் பதவி உயர்வும் வந்திருக்கிறது. இவற்றை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

எலியா நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிச்சயமாக அன்றுதானா? மத்தியானம்தானா?

அந்தக் குரல் என்ன சொன்னது? வெறுமனே கூப்பிட்டதா, வார்த்தைகள் இருந்தனவா? இருந்தால் ஒரு எழுத்து மாறாமல் எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பிளாத்தோன்


மெஸேன்
1836 மார்ச் 10

ஐயா,

எலியா நாள்தான். மத்தியானம்தான். அன்று பலகாரம் செய்ய மாவு பிசைந்து வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போனேன், மறக்குமா?

வார்த்தைகள் இருந்தன. முதல் நாள் மட்டும் தெளிவாகக் கேட்டேன், அன்று காதில் கம்பளி இல்லையே. ஆனால் அதில் தலையும் இல்லை வாலும் இல்லை. என்னைக் கூப்பிடுகிற மாதிரியே இல்லை. அதனால்தான் வேறு எதுவோ அவர் குரலில் உளறுகிறது என்று நாத்தனார் சொன்னதை நம்பினேன். சொன்னது இதுதான்:

"துடுப்ப நிறுத்துங்கடா. நான்தான். அவ இல்ல, நான்தான்."

நான் எந்தப் படகில் ஏறினேன், துடுப்பை நிறுத்த?

கிளிம் போவான். கிளம்பினவனைத் தடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

உஸ்தீன்யா


மெஸேன்
1836 செப்டம்பர் 19

பிளாத்தோன் இக்னாத்யெவிச்,

மார்ச் மாதக் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. பரவாயில்லை. கிளிம் வந்துவிட்டான்.

அவன் படகிலிருந்து இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்து, வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். என் தம்பி வாயாடி, உங்களுக்குத் தெரியாது. அன்று எண்ணி எண்ணித்தான் பேசினான். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, சிலுவை சரியாத்தான் நிக்குது. கால்பலகை நேரா வடக்கக் காட்டுது. நாங்க திருப்பல. நாங்க போறதுக்கு முன்னாடியே யாரோ திருப்பியிருக்காங்க. அடியில முட்டுக் குடுத்த கல்லு எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து, கயித்தக் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்திருக்காங்க. தரையில இழுத்த தடம் இருக்கு. ஒத்த ஆளோட தடம்."

குடிலுக்குப் போயிருக்கிறான். கதவு உள்ளே தாழ் போடவில்லை. என் மனுஷர் அடுப்புக்குப் பக்கத்தில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குளிர் அவரை அப்படியே வைத்திருந்தது. முகம் கழுவி, தாடி சீவி இருந்ததாம். சீப்புத்தான் என்னிடம் இருக்கிறதே, விரலால் சீவியிருப்பார். சிங்காவுக்குப் பச்சை இலை பறித்துத் தின்று அதிலிருந்து மீண்டிருக்கிறார், பாறையிடுக்கில் பறித்த தடம் பார்த்தான் கிளிம். நோய் அவரைக் கொல்லவில்லை. மடியில் பாய்த்துணியைக் கிழித்துத் திரித்த கயிறு. அதில் பதினொரு முடிச்சு மீதி இருந்தது.

நிலைக்கதவில் நாளுக்கு ஒரு வெட்டு. முதல் வெட்டுக்குப் பக்கத்தில், எலியா நாளுக்கு அடையாளமாக, எலியாவின் தேர்ச்சக்கரம் கீறியிருந்தது. கிளிம் மூன்று தடவை எண்ணினான். நூற்றெழுபது. எனக்கு அவன் சொன்னதும் விரல் விட்டு எண்ணத் தெரிந்தது. எலியா நாளிலிருந்து நூற்றெழுபதாம் நாள் ஜனவரி 5.

"நூத்திமுப்பது வரைக்கும் நல்லா ஆழமா வெட்டியிருக்காருக்கா. அதுக்கப்புறம் என்ன ஆச்சோ, திடீர்னு மெலிஞ்சு போச்சு. கடைசி நாப்பதும் நகத்தால கீறினாப்பல இருக்கு" என்றான் அவன். அவனுக்கு விளங்கவில்லை. அவன் கடலில் இருக்கிறவன், நான் எந்தத் தேதியில் புத்தகத்தைத் திறந்தேன் என்று அவனுக்குத் தெரியாது.

எழுந்து போய் மாட்டுக்கொட்டிலில் உட்கார்ந்துகொண்டேன்.

இனி உங்களிடம் ஒன்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. எலியா நாள் மத்தியானம் நீங்கள் படகில் ஏறியபோது என்ன நடந்தது?

உஸ்தீன்யா


ஆர்க்காங்கெல்ஸ்க்
1836 அக்டோபர் 12

உஸ்தீன்யா சவ்வாத்யெவ்னா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. கிழிப்பதற்கு முன் தபால்காரரிடம் கொடுத்துவிடப் போகிறேன்.

நாங்கள் அவரை அடக்கம் செய்யவில்லை. தரை இரும்பாக இருந்தது, குழி வெட்ட யாருக்கும் கையில்லை. 17ஆம் தேதி பாய்த்துணியில் சுற்றிச் சாமான் கொட்டகையில் வைத்தோம். 18ஆம் தேதி சிலுவையை மட்டும் நட்டோம். 19ஆம் தேதி காற்று திரும்பியது. 20ஆம் தேதி காலை, போவதற்குள் கல்லையாவது அடுக்கி மூடிவிடலாம் என்று பகோமும் நானும் கொட்டகைக்குப் போனோம். பாய்த்துணி பிரிந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. கயிறு தரையில் நேராக நீட்டிக் கிடந்தது. இறக்கும்போது அதில் முப்பத்து மூன்று முடிச்சு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட இல்லை. சாயங்காலத்து வேலையை முடித்துவிட்டு, பச்சை இலை தேடிப் பாறைப் பக்கம் எழுந்து போயிருக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது பகோம் சிலுவை போட்டுக்கொண்டு, "அவ கொண்டுபோயிட்டா ஐயா. திரும்பிப் பாக்காம வாங்க" என்றார். நான் கயிற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆம், ஓடினேன்.

படகு கரையை விட்டு நூறு பாகம் தூரம் போயிருக்கும். முனையின் மேல் குரல் கேட்டது. நீங்கள் எழுதிய அதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாறவில்லை.

ஒரு விஷயத்தை முந்தைய கடிதத்தில் உங்களிடம் மறைத்தேன். குளிர்காலத்தில் அவர் எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "செத்தவன் கூப்பிட்டா காதப் பொத்திக்கிட்டுத் துடுப்பு போடுங்க. அது என் குரலா இருந்தாலும் சரி. என் குரலா இருந்தா இன்னும் வேகமாப் போடுங்க, ஏன்னா உங்க எல்லாருக்கும் என் மேலதான் பாசம்னு அவளுக்குத் தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அவர் சொன்னதையே செய்தோம். நான்கு பேரும் தொப்பியைக் காதுக்கு மேல் இழுத்துக்கொண்டு அழுதுகொண்டே துடுப்புப் போட்டார்கள். பகோம் உரக்க ஜெபம் சொன்னார். அவர்கள் மனதறிந்து ஒரு தவறும் செய்யவில்லை.

நான் சுக்கான் பிடித்திருந்தேன். எனக்குத் துடுப்பு இல்லை. நான் படித்தவன், ஏரோதின் மகளை நம்புகிறவன் இல்லை. தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் தவறாக நட்ட சிலுவையைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். ஒரு காலில் மட்டும் பூட்ஸ் இருந்தது. பேய்க்கு ஒரு கால் பூட்ஸ் எதற்கு என்று தோன்றியது. தெளிவாகவே தோன்றியது. ஆனால் பனிக்கட்டி எங்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டிருந்தது. திரும்பினால் மாட்டிக்கொள்வோம், இன்னொரு குளிர்காலம் வரும், என் தாயின் குரல் மறுபடி வரும். தொலைநோக்கியை மடித்து வைத்தேன். பயணக் குறிப்பில், "மேற்குக் காற்று, தெளிவான வானம்" என்று எழுதினேன்.

பதவியை விட்டு விலகக் கடிதம் கொடுத்துவிட்டேன். என்ன தண்டனை என்று நீங்களே சொல்லுங்கள்.

பிளாத்தோன்


மெஸேன்
1836 நவம்பர் 27

பிளாத்தோன் இக்னாத்யெவிச்,

உங்களைச் சபித்து ஒரு கடிதம் எழுதினேன். அதை அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் பாதி சாபம் எனக்கே வந்து சேரும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் செப்டம்பர் 2 ஆர்க்காங்கெல்ஸ்கில் இறங்கினீர்கள், பகோம் சொன்னார். தீவின் மேற்குக் கரையில் குளிர்காலம் தங்கப் போகும் எங்கள் வேட்டைக்காரர்களின் கடைசிப் படகு 10ஆம் தேதி கிளம்பியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பனி கெட்டியானதும் நாய்வண்டியில் குறுக்கே போய்த் தூக்கி வந்திருப்பார்கள். நீங்கள் எழுதவே ஒரு மாதம் எடுத்துக்கொண்டீர்கள். பிறகு எனக்கு வாக்குக் கொடுத்தீர்கள். அந்த வாக்கை நம்பி நான் சங்கீதப் புத்தகத்தைத் திறந்தேன். காற்றைக் கூப்பிட்டவளும் நான், படித்தவளும் நான், காதில் கம்பளி அடைத்தவளும் நான். உங்களுக்குத் தண்டனை சொல்ல எனக்கு எங்கே வாய் இருக்கிறது?

அதனால் தண்டனை இல்லை. இரண்டு வேலை மட்டும் சொல்கிறேன். உங்கள் வரைபடத்தில் அந்தச் சிலுவை கடலைப் பார்த்து நிற்பதாகச் செதுக்கியிருப்பார்கள். போய் நின்று மாற்றச் சொல்லுங்கள். சாகப் போகிற நேரத்திலும் அவர் கல்லைப் பெயர்த்து அதைத் திருப்பியது தனக்காக இல்லை. அந்தப் பக்கம் வரப்போகிற யாரோ ஒருவனுக்காக.

அவர் மடியிலிருந்து கிளிம் எடுத்து வந்த அந்தக் கயிற்றை இத்துடன் அனுப்புகிறேன். முன்பு நீங்கள் எனக்கு ஒன்று அனுப்பினீர்கள், இது நான் உங்களுக்கு அனுப்புவது. பதினொரு முடிச்சு மீதி இருக்கிறது. காலையில் அவர் போட்டது. நான் தொடவில்லை. சாயங்காலத்து வேலையை முடிக்க வேண்டியவர் நீங்கள்.

கடைசியாக ஒன்று. கிளிம் அவரைச் சிலுவைக்குக் கீழே புதைத்துவிட்டு வந்தான். அதனால் இனி கேட்காது என்று நினைத்தேன். போன வாரம் மத்தியானம் பால் கறக்கும்போது மறுபடி கேட்டது. மாடு கடல் பக்கம் தலையைத் தூக்கியது. அதே வார்த்தைதான், அதே தூரம்தான். அவருக்கு அங்கே இன்னும் எலியா நாள்தான் போல. உங்கள் ஊரிலும் கேட்கும், கேட்காமல் இருக்காது. தொப்பியை இழுத்துக்கொள்ளாதீர்கள். சிங்காவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், பதில் சொல்லுங்கள்.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய், இருக்கிற குரலை எல்லாம் கூட்டிக் கத்திச் சொல்லிவிட்டு வருகிறேன்.

"கேக்குதுங்க. நீங்கதான்னு தெரியுது. படகத் திருப்புறோம்."

உஸ்தீன்யா